நான்காம் படம்

பாமினி
ஒரு பெண்ணின் பெயரென்றுதான் நினைத்திருந்தாள் டிலானி,
எழுத்துருவின் பெயரென்று நான் சொல்லும்வரை.
"அவவாலதான் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, சேர்."

நிலத்தடி நீர் என்று
என் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில்
அவளுடைய போன் வாசித்தது:
ஈ பீ வை ஜே செமிகோலன் ஜே பீ,
கொஞ்சம் மூச்சு விட்டு
ஈ பீ எச்.
இருபத்தெட்டுப் பக்கம்.
பாஷையூரிலிருந்து திருநெல்வேலி வரும்வரை
பஸ்ஸில் அதைக் காதில் மாட்டிக்கொண்டே வந்தாளாம்,
எங்காவது ஓரிடத்தில்
தமிழ் தொடங்கிவிடும் என்று.

நான் ஆறு மாதத்துக்கு எடுத்த உதவி விரிவுரையாளன்.
புவியியல். நின்றுபோன விசிறிக்குக் கீழே பாதி மேசை.
இணையத்தில் ஏற்றிய பாடக் கோப்புகள் அறுபத்து மூன்று.
பாதிக்குமேல் ஸ்கேன்:
சரிந்த பக்கம், ஓரத்தில் யாரோ ஒருவரின் பெருவிரல்,
விரலுக்குக் கீழே அகப்பட்ட கடைசி வரி.
முன்னம் படித்தவர்கள் அந்த வரியை ஊகித்துச் சோதனை எழுதினார்கள்.
ஊகிக்கவும் ஒரு கண் வேண்டியிருந்திருக்கிறது.

"ஒரு பிள்ளைக்காகவோ இவ்வளவும்?"
தேத்தண்ணீர்க் கோப்பையோடு வாசலில் நின்று கேட்டார் ஒருவர்.
கெட்ட மனிதரில்லை.
பெருவிரல் அவருடையதாகவும் இருக்கலாம்.
ஓம் என்றேன்.
வேறு பதில் அப்போது என்னிடம் இல்லை.

எழுத்தை மாற்றுவது மெஷினின் வேலை.
படங்களில்தான் நான் மாட்டுப்பட்டேன்.
படம் நான்கு: சுண்ணக்கல்லுக்குள் மிதக்கும் நன்னீர் வில்லை.
முதலில் எழுதினேன்,
'நன்னீர் வில்லையின் படம்.'
"அது தலைப்பு, சேர். படம் எங்க?"

அழித்துவிட்டு,
'மேலே இளநீலம், கீழே கருநீலம், நடுவில் புள்ளிக்கோடு.'
"நீலம் சோதினைக்கு வருமோ?"
வராது.

பலாலி வீதியால் சைக்கிளில் போகும்போது யோசித்தேன்:
எத்தனை தரம் இதைக் கரும்பலகையில் கீறியிருப்பேன்.
ஒரு தரமாவது பார்த்தேனா.

பிறகு இப்படி:
'கடல்நீர் கனமானது, கீழே கிடக்கிறது.
மழைநீர் இலேசு, அதன்மேல் மிதக்கிறது.
நடு நிலத்தில் தடிப்பு, கரைக்குக் கிட்டப் போகப் போக மெலிவு,
கடலைத் தொடும் இடத்தில் ஒன்றுமில்லை.
ஒரே கிணற்றில் அளவு மீறி இறைத்தால்
நேர் கீழேயிருந்து உப்பு
கூம்பு போல மேலே வரும்.'

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
"அப்ப எங்கட கிணறு
உந்த மெல்லிய நுனியில நிக்குது."
படத்தில் கிணறு ஏதும் கீறியிருக்கவில்லை.
ஆனால் அவள் சொன்னது சரி.

அடுத்த கிழமை நெடுந்தீவிலிருந்து ஒரு மெசேஜ்.
லக்சிதன். கண் நல்ல கண்.
'சேர், டேட்டா காணாது, படமொண்டும் திறக்கேல்லை.
நாலாவது மட்டும் எழுத்தில கிடந்தது.
விளங்கிச்சு.'
தேத்தண்ணீர்க்காரருக்கு அதை அப்படியே அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
பதில் இல்லை.

மார்கழியோடு என் ஒப்பந்தம் முடிந்தது.
நாற்பத்தொன்று சரி. மிச்சம் இருபத்திரண்டு.
அதில் ஒரு கோப்பின் பெயர்
'கடைசி, கடைசி, சரியானது 2'.
அடுத்து வருகிறவருக்கு ஒரு தாளில் எழுதி வைத்தேன்:
படத்தைப் பார்க்காமல் விபரம் எழுதவேண்டாம்,
பார்த்துவிட்டேன் என்றும் நினைக்கவேண்டாம்.

போகிற அன்று டிலானி போனைத் தூக்கிப் பிடித்தாள்.
எந்த ஊர்ப் பெண்ணின் குரலோ,
வேகமாக, உணர்ச்சியில்லாமல்,
'யால்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர்' என்றது.
நான் சிரித்துவிட்டேன்.
"பிழைதான்" என்றாள் அவள்,
"ஆனா தமிழில பிழை, சேர்.
நான் திருத்திக் கேப்பன்."